பொங்கலன்று மாமா நடந்த நடை

அம்மாவுக்குப் பாரிசின் குளிர் இன்றுவரை பிடிபடவில்லை. குளிர்வது தெரியாது என்று சொல்லவில்லை. மூன்று சுவெற்றரை ஒன்றின்மேல் ஒன்றாய்ப் போட்டுக்கொண்டு ஐப்பசியிலேயே புறுபுறுக்கத் தொடங்கிவிடுவார். ஆனால் தண்ணீர் விசயத்தில் மட்டும் அவர் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார். ஊற்றினால் ஓடும், ஓடாத மிச்சம் காயும். அது ஊற்றின இடத்திலேயே கல்லாகிக் கிடக்கும் என்பதை இத்தனை வருடம் இங்கே இருந்தும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அதனால்தான் அந்தத் தைப்பொங்கல் விடிய, தெருவெல்லாம் வெள்ளையாய் விறைத்துப்போய்க் கிடக்கையில், ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்துக் கொண்டுவந்து எங்கள் வாசலை முழுசாய்த் தெளித்துவிட்டார்.

வாசல் என்றவுடன் பெரிதாய் ஒன்றும் நினைத்துவிடாதீர்கள். பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ காய் என்கிற தெரு முடிகிற பக்கமாய் ஒரு பழைய கட்டடத்தின் நிலமட்டத்தில் குடியிருந்தோம். தெருக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் கல் பதித்த ஒரு சின்ன முற்றம். அதில் குப்பைத் தொட்டிகளும் மேல்மாடிக்காரர்களின் சைக்கிள்களும் நிற்கும். அதைத் தாண்டினால் எங்கள் கதவு, கதவுக்கு முன்னால் இரண்டு படி. பிரான்சில் எங்களுக்கென்று இருந்த பூமி அவ்வளவுதான். அந்தப் பூமியில் அம்மா வருடத்தில் ஒரு நாள் கோலம் போடுவார். பிறகு காஸ் அடுப்பைக் கதவடிக்கு இழுத்துவந்து, கதவைத் திறந்தபடி பானையை வைப்பார். கதவு திறந்திருந்தால்தான் சூரியன் பார்க்குமாம். தை மாதத்துப் பாரிசில் சூரியன் எழும்புவதே ஒன்பது மணிக்குக் கிட்டத்தான். அதிலும் எங்கள் முற்றத்துக்குள் அது ஒரு நாளும் இறங்கி வந்ததில்லை. அதற்காக அம்மா கதவைச் சாத்தினவரில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. பொங்கலன்று எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கிடையாது. வருடா வருடம் தை மாத நடுவில் எனக்கு ஒரு வயிற்றுக்குத்து வரும். ஆசிரியை சந்தேகப்பட்டதில்லை, பட்டாலும் கேட்டதில்லை.

ஆனால் அந்த வருடம் வெறும் பொங்கலோடு முடிகிற நாளில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு மாமாவைப் பார்க்க ஆட்கள் வர இருந்தார்கள்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சண்டை முடிந்தபின் வன்னியிலிருந்து வெளிக்கிட்டு, எங்கெங்கோ சுற்றி, ஒருமாதிரி எங்களிடம் வந்து சேர்ந்தவர். முன்னறைச் சோபாதான் அவருடைய கட்டில். விடிய நாலு மணிக்கு எழும்பிப்போய் ஒப்பீஸ்களைத் துப்புரவாக்கிவிட்டு எட்டு மணிபோல் வருவார். வரும்போது எனக்கென்று ஒரு குரோசோன், அந்தப் பிறை மாதிரி வளைந்த வெண்ணெய்ப் பணிஸ், கொண்டுவருவார். பெரியவர்களோடு கதைப்பது குறைவு. என்னைக் குஞ்சு என்று கூப்பிட்டுக் கதைப்பார், அதுவும் பகிடி விடத்தான். என் தமிழைக் கேட்டால் வெள்ளைக்காரப் பிள்ளை தேவாரம் பாடுகிற மாதிரி இருக்கிறதாம். நான் கோபித்துக்கொண்டு பிரெஞ்சில் திட்டுவேன். அவருக்கு விளங்காது, அதற்கும் சிரிப்பார்.

பெண் பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் இருந்தா. சாதகம் பொருந்தி, படம் பார்த்து, பெண்ணும் தலையாட்டி, எல்லாம் ஒப்பேறி வருகிற நேரத்தில் அவர்கள் ஒன்று கேட்டார்கள். வன்னியிலிருந்து வந்த ஆம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் பேசினால் அந்த நாட்களில் லாச்சப்பலில் எல்லாரும் கேட்டதுதான். பிள்ளையின் உடம்பில் காயம் ஏதும் இருக்கோ? நேரே கேட்க மாட்டார்கள். சுகமெல்லாம் எப்படி, வேலைக்குப் போகிறாரோ, பாரம் தூக்குவாரோ என்று சுற்றிவளைத்து அங்கேதான் வந்து நிற்பார்கள். காயம் என்று ஒன்று இருந்தால் அது எங்கே பட்டது, எப்படிப் பட்டது, அப்போது இவர் என்ன செய்துகொண்டு நின்றார் என்று பின்னால் ஒரு வண்டில் கேள்வி வரும். அந்தக் கேள்விகளுக்குள் இறங்க ஒரு பெண் வீட்டாருக்கும் விருப்பமில்லை. சாதகம் திரும்ப ஒருக்கால் பார்த்தோம், பொருத்தம் காணாதாம் என்று மரியாதையாய்ச் சொல்லிவிட்டு வேறு இடம் பார்ப்பார்கள். மாமாவுக்கு வந்த முதல் சம்பந்தம், அவர் ஆளையே பார்க்காமல், அப்படித்தான் போனது.

இந்தமுறை அம்மா ரெலிபோனில் ஒரே வெட்டாய்ச் சொல்லிவிட்டார்: "என்ரை தம்பியின்ரை உடம்பிலை ஒரு கீறல் கிடையாது. நேரிலை வந்து பாருங்கோவன்."

பார்க்கத்தான் வந்தார்கள்.

ஆனால் அதற்கு முதல் காலமை எட்டு மணி வந்தது. அம்மா பானைக்குள் பாலை விட்டுவிட்டு, அது பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கதவடியில் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். தெருக் கதவு திறந்தது. மாமா குரோசோன் பையைத் தலைக்குமேல் தூக்கி எனக்குக் காட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தார். முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படியில் அவருடைய வலது சப்பாத்து ஒரு பக்கமாய்ப் போனது, அவர் மற்றப் பக்கமாய்ப் போனார். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சத்தியமாய்ச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்கு இப்பவும் கேட்கும். குரோசோன் பை குப்பைத் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்தது. மாமா கோலத்துக்கு நடுவில் இருந்தார். கத்தவில்லை. வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான்.

"ஐயோ என்ரை கடவுளே!" அம்மா கரண்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தார். அப்பா பாதி முகத்தில் சவர்க்கார நுரையோடு வந்தார். இரண்டு பேருமாய் மாமாவைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள். அந்த அமளிக்குள் பால் தன்பாட்டில் பொங்கி வழிந்து, அடுப்பையும் அணைத்துவிட்டது.

"எந்தப் பக்கத்தாலை பொங்கினது? பிள்ளை, நீ பாத்தனியே?" அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

நான் பார்க்கவில்லை. கிழக்கு என்றேன். எங்கள் வீட்டில் கிழக்கு எது என்று ஒருவருக்கும் திட்டமாய்த் தெரியாது, ஆனபடியால் அம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பா மாமாவின் சப்பாத்தைக் கழற்றப் போனார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுளுக்குத்தான் அத்தான். விடுங்கோ."

"சத்தம் கேட்டதெல்லோ. எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம். அவைக்கு ஒரு ரெலிபோன் அடிச்சு, ஐஸிலை வழுக்கிப்போட்டுது, இன்னொரு நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லுவம். பாரிசிலை ஐஸிலை விழாதவன் ஆர்?"

"விசர்க் கதை கதையாதேங்கோ!" அம்மா அப்பாவை மறித்தார். "வன்னியாலை வந்த மாப்பிளை, பொம்பிளை வீட்டார் வாற அண்டைக்குப் பாத்து நொண்டுறான். ஐஸ் எண்டு சொன்னால் எவன் நம்புவான்? முதலே காலிலை ஏதோ இருந்திருக்கு, மறைச்சுப்போட்டினம் எண்டுதான் சொல்லுவினம். ஒருக்கால் அப்பிடிக் கதை வெளிக்கிட்டால் பிறகு இந்த ஊரிலை இவனுக்கு ஆர் பொம்பிளை தருவினம்? ஐயோ, என்ரை கையாலை தெளிச்ச தண்ணி..."

அப்பாவுக்கும் அது விளங்கியது. முகத்து நுரையைத் துவாயால் துடைத்தார்.

"மூண்டு மணிக்கு நான் நிமிந்து நிப்பன் அக்கா. நீங்கள் அழாமல் பொங்கலைப் பாருங்கோ," என்றார் மாமா.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: மாமா நொண்டுவதை வருகிறவர்கள் காணக் கூடாது. கண்டால் கலியாணம் இல்லை. எனக்கு ஒரு மாமி வரப்போகிறா என்று வகுப்பில் முழுப்பேருக்கும் சொல்லிவைத்திருந்தேன். 

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் யாருக்காவது எங்கேயாவது நொந்தால், அமத்திப் பிடித்து எண்ணெய் போட்டு உருவிவிட்டுத்தான் விடுவார். அப்பாவே தப்ப முடியாது. அன்றைக்கு மாமா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா எண்ணெய்ப் போத்தலையும் ஒரு பழஞ்சீலைத் துண்டையும் வெளியே கதவடியில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். கதவில் தட்டவும் இல்லை, திற என்று சத்தம் போடவும் இல்லை. மாப்பிள்ளை என்றால் தமக்கைமாரும் வெட்கப்படுவார்கள் போல என்று நினைத்தேன்.

மூன்று மணிக்குள் அப்பா ஒரு திட்டம் போட்டார். ஆட்கள் வரும்போது மாப்பிள்ளை எழும்பாமல் இருந்தால் மரியாதை இல்லை. எழும்பினால் பிடிபட்டுவிடும். ஆனபடியால் அவர்கள் வர முதலே மாமா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நிற்பது, கைகொடுத்துவிட்டு அப்படியே பக்கத்துக் கதிரையில் இருந்துவிடுவது. முன்னால் மேசை, மேசைக்கு நிலத்தைத் தொடுகிற மாதிரி ஒரு விரிப்பு. வாசல் படியில் அப்பா குசினியில் இருந்த உப்பு முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினார். பொங்கல் கடைசியில் உப்பில்லாத வடையோடுதான் நடந்தது.

பெண்ணின் தாயும் தமையனும் வந்தார்கள். தமையன் உயர்ந்த மனிசன், தோல் ஜாக்கெற் போட்டிருந்தார், எயர்போட்டில் வேலை. வந்தவுடனே எல்லாரோடும் வாய் நிறையக் கதைத்தார். தாய் கதைக்கவே இல்லை. பொங்கலைக் கரண்டி நுனியால் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அந்த மேசை விரிப்பையே பார்த்துக்கொண்டு இருந்தா. நான் அந்தத் தாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். விரிப்புக்குக் கீழே மாமாவின் சப்பாத்துக்குள் கால் பெருத்துக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். நாடாவை முழுசாய் அவிழ்த்துவிட்டுத்தான் அதற்குள் காலைத் திணித்திருந்தார்.

மாமா நன்றாகத்தான் சமாளித்தார். வேலை, சம்பளம், விசா என்று கேட்டதற்கெல்லாம் ஒழுங்காய் மறுமொழி சொன்னார். அம்மாவின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க நான் எழும்பினேன். முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது தமையன் ஜாக்கெற்றை இழுத்துப் பூட்டினார். "தம்பி, வாருமன். ரூ காயிலை எனக்கு ஒரு சின்ன அலுவல் இருக்கு. கதைச்சுக்கொண்டு ஒரு நடை போட்டு வருவம்."

 "இந்தக் குளிருக்கையோ?" என்றார் அம்மா. "தெருவெல்லாம் வழுக்குதெல்லோ."

பெண்ணின் தாய் வந்ததிலிருந்து முதல்தரம் வாயைத் திறந்தா. "நடக்கட்டுமன் தங்கச்சி. சாப்பிட்டது செமிக்கும்."

நடத்திப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பத்து வயதுப் பிள்ளைக்கே விளங்கியது. மாமா மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். நேராய் எழும்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"பிள்ளையும் வரட்டும்," என்றார். "அவளுக்கு ஒரு சொக்லா வாங்கிக் குடுக்கவேணும். கடன் சொல்லி வைச்சிருக்கிறன்."

அப்படி ஒரு கடனும் இல்லை. நான் மேற்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் அவருடைய வலப் பக்கத்தில் நின்றேன். அவர் கையை என் தோளில் போட்டார். போட்டார் என்பது வெளியில் தெரிந்தது. என் தோள் எலும்பு கீழே இறங்கியது எனக்குத்தான் தெரியும்.

ரூ காய் நீளமான தெரு இல்லை. ஓடினால் என் கால்களுக்கே ஒரு மூச்சில் முடிந்துவிடும். அன்றைக்கு அது முடியவே இல்லை. பொங்கல் சனம். கடைகளுக்கு முன்னால் கரும்புக் கட்டுகள், வாழைக்குலைகள், தோரணத்துக்கு மாவிலை. சீலைக் கடைக் கண்ணாடிக்குள் பொம்மைகள் பட்டுச் சீலையோடு நின்றன. நிலத்தில் உப்புப் போட்ட இடம் சேறு, போடாத இடம் கண்ணாடி. தமையன் பக்கத்தில் நடக்காமல் அரைக் கவடு பின்னால் நடந்தார். பின்னால் நின்றால்தானே கால் தெரியும்.

மாமா கதைத்தார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. ஒப்பீஸில் வெள்ளைக்காரர் மேசைக்குக் கீழே ஒளித்துவைக்கிற சாமான்களைப் பற்றி, மெத்ரோவில் நித்திரையாகிக் கடைசி ஸ்ரேசன் வரைக்கும் போனதைப் பற்றி, எதையெதையோ எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு தரம் வலது கால் நிலத்தில் படும்போதும் அவருடைய விரல்கள் என் தோளுக்குள் புதைந்தன. எனக்கு நொந்தது. அழுகை வந்தது. அழுதால் கலியாணம் குழம்பிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, எதிரே தெரிந்த கரும்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நடப்பதைவிட நிற்பதுதான் கொடுமை. தமையனுக்கு லாச்சப்பலில் தெரியாத ஆளே இல்லை. ஐந்து அடிக்கு ஒருத்தர் "எப்பிடி அண்ணை" என்று மறித்தார். அவர் நின்று கைகொடுத்துச் சுகம் விசாரிக்கும் நேரமெல்லாம் மாமா மரக்கறிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு ஒரு கத்தரிக்காயைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தரிக்காய்க்குச் சாதகம் பார்க்கிற மாதிரி அவ்வளவு நேரம் பார்த்தார். கடைக்காரர் வந்து வேணுமோ என்று கேட்டுவிட்டார்.

பிறகு தமையன் ஒரு கடைக்குள் போய்த் தேங்காய் வாங்கினார். ஒரு பை நிறைய. வெளியே வந்து "இதை ஒருக்கால் பிடியும் தம்பி" என்று மாமாவிடம் நீட்டினார். நான் எட்டிப் பிடிக்கப் போனேன். மாமா என் தோளை அமத்தி நிற்பாட்டிவிட்டு அந்தப் பையை இடக் கையில் வாங்கினார். வாங்கின பாரத்துக்கு அவர் உடம்பு ஒருதரம் ஆடியது. நான் என் முழுப் பலத்தையும் சேர்த்துக் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். விழுந்தால் இரண்டு பேருமாய் விழுவோம் என்று தெரிந்தது.

தமையன் முன்னுக்கு வந்து மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை கன்னத்தால் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற எல்லாருடைய வாயிலிருந்தும் புகை வருகிற குளிர்.

"என்ன தம்பி, இந்தக் குளிருக்கை உமக்கு இப்பிடி வேர்க்குது?"

 முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"பொம்பிளையின்ரை தமையனோடை நடந்து பாருங்கோ அண்ணை," என்றார் மாமா. "உங்களுக்கும் வேர்க்கும்."

 தமையன் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். தமையன் மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், அந்தத் தட்டு மாமாவுக்குள்ளால் வந்து என்னில்தான் இறங்கியது. "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது, என்ரை மச்சான்மார் கூட்டிக்கொண்டு போகேக்கை" என்று சொல்லிக்கொண்டு தேங்காய்ப் பையைத் தானே வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பின்னால் நடக்கவில்லை. வீடு வரும்வரைக்கும் பக்கத்தில் கதைத்துக்கொண்டே வந்தார்.

அவர்கள் போய்த் தெருக் கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டதுதான் தாமதம், மாமா சுவரோடு சறுக்கி நிலத்தில் இருந்துவிட்டார். உதடு வெளிறிப்போயிருந்தது. அப்பாவுக்குப் பின்னேர வேலை, உணவகத்துக்குப் போயே ஆகவேண்டும். போகமுதல் டாக்சிக்கு அடித்தார்.

"வேண்டாம் அத்தான்," என்றார் மாமா. "எண்ணெய் போட்டால் மாறிடும்."

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இனி யாருக்குப் பயம்? பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நடக்க முடியாத மனிசன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடிக்கிறார். அம்மா அவருக்கு முன்னால் குந்தி இருந்து முகத்தைப் பார்த்தார். "எழும்பு தம்பி," என்றார். "எனக்காக எழும்பு."

ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. அன்றைக்குப் பாரிசே வழுக்கி விழுந்திருந்தது. எங்களுடைய முறை வந்தபோது, நோயாளியோடு ஒருத்தர்தான் உள்ளே வரலாம் என்றாள் தாதி. அம்மாவுக்கு பொன்ஜூர், மெர்சி தவிர வேறு பிரெஞ்சு வராது. மாமாவுக்கு அதுவும் இழுபறி. தாதி என்னைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், வா என்றாள். அம்மா மாமாவின் ஒற்றைச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார்.

டொக்டர் ஒரு இளம் பெண். மாமா காலில் போட்டிருந்த களிசானை வெட்டப்போகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். மாமா களிசான் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். நான் திரும்பினேன். ஆனால் பிறகு எக்ஸ்ரே படம் எடுத்து முடிந்து, டொக்டர் திரையில் காட்டி எனக்கு விளங்கப்படுத்தும்போது திரும்பாமல் இருக்க முடியவில்லை. கெண்டைக்கால் முழுக்கக் குழி குழியாய், மினுங்கிற தோலாய் இருந்தது. 

டொக்டர் பேனையால் தொட்டுக் காட்டினாள். இது இன்று முறிந்த எலும்பு. பிறகு பேனையைக் கொஞ்சம் மேலே கொண்டுபோனாள். அங்கே வெள்ளை வெள்ளையாய்ச் சின்னத் துண்டுகள் கிடந்தன, அரிசி அளவில் சில, அவரை விதை அளவில் ஒன்று. இது என்ன என்று உன் மாமாவைக் கேள் என்றாள்.

கேட்டேன். மாமா சுவரைப் பார்த்தார். "செல் பீஸ் எண்டு சொல்லு."

எனக்கு அதற்குப் பிரெஞ்சு தெரியவில்லை. செல் என்றால் என்ன என்று கேட்டேன். "வானத்தாலை வந்து விழுந்து வெடிக்கும், குஞ்சு. அதின்ரை துண்டு." நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன், வானத்தாலை வந்து விழுந்து வெடிக்கும் என்று. டொக்டரின் பேனை அந்த இடத்திலேயே நின்றது. குளிருக்கு நோகுமா என்று கேட்டாள். மாமா ஓம் என்றார். எடுக்காமல் விடுவதுதான் நல்லது, எடுக்கப்போனால் நரம்பு பழுதாகும் என்றாள். பிறகு, இந்த முறிந்த காலோடு நடந்தாரா என்று கேட்டாள். ரூ காய் முழுக்க என்று நான் பெருமையாய்ச் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கட்டுப் போட ஆயத்தம் செய்ய அவள் அங்காலே போனதும் மாமா என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"குஞ்சு, அம்மாவுக்கு எலும்பு முறிஞ்ச கதையை மட்டும் சொல்லு. மற்றதைச் சொல்லிப்போடாதை. நான் ஒண்டும் படாமல் வந்து சேர்ந்தனான் எண்டு அவ நினைச்சுக்கொண்டிருக்கிறா. அறிஞ்சால் தாங்கமாட்டா. சரியே?"

சத்தியம் செய்து கொடுத்தேன். மாமா என்னிடம் ஒரு விசயம் கேட்டது அதுதான் முதல்தரம்.

வெளியே வந்தால் அம்மா எழும்பி நின்றுகொண்டிருந்தார், கையில் ரெலிபோன். "அவைக்குச் சம்மதமாம்!" என்றார். "தமையன்காரன் சொன்னவனாம், நல்ல பகிடிக்காரப் பெடியன், எங்கடை பிள்ளை சிரிச்சுக்கொண்டு இருப்பாள் எண்டு." சந்தோசம் தாங்காமல் என் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு கேட்டார்: "டொக்டர் என்னவாம்?"

"எலும்பு முறிஞ்சிட்டுதாம். ஆறு கிழமைக்குக் கட்டு."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை."

அம்மா என்னையே பார்த்தார். நான் கோப்பி விற்கிற மெசினைப் பார்த்தேன். அம்மா கதிரையில் இருந்து, என்னை இழுத்துத் தன்னோடு அணைத்து, அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்த ஆள் ஒருத்தரும் இல்லாவிட்டாலும், என் காதுக்குள் கேட்டார்:

"அந்தப் பீஸுகளை எடுக்கவேணும் எண்டு சொன்னவையோ?"

நான் என்ன செய்ய? சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். தலையாட்டமாட்டேன் என்று செய்யவில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"விட்டால் ஒண்டும் செய்யாதாமோ?"

இந்தமுறை ஓம் என்று தலையாட்டினேன். அம்மா மூச்சை விட்டார். மாமாவின் சப்பாத்தை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "வந்த கிழமையே கண்டனான்," என்றார். "நித்திரையிலை களிசான் மேலை ஏறிக் கிடந்தது. இழுத்துவிட்டிட்டு வந்து குசினிக்கை இருந்து அழுதனான்." மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நான் கேட்டனான் எண்டு மாமாவுக்குச் சொல்லிப்போடாதை, என்ன? எனக்குத் தெரியும் எண்டு அறிஞ்சால் அவன் உடைஞ்சுபோவான்."

அவருக்கும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

திரும்பி வரும்போது டாக்சியின் பின் இருக்கையில் எனக்கு நடு இடம் கிடைத்தது. ஒரு பக்கம் மாமா, கட்டுப் போட்ட காலை முன்னுக்கு நீட்டியபடி. மற்றப் பக்கம் அம்மா. இரண்டு பேரும் கலியாணத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். மண்டபம் எங்கே எடுக்கலாம், சமையலுக்கு ஆரைப் பிடிக்கலாம், கட்டு அவிழ்க்கமுதல் நாள் குறிக்கலாமோ என்று ஒரே கதை, ஒரே சிரிப்பு. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னிடம் இப்போது ஒன்றல்ல, இரண்டு ரகசியம் இருந்தது.

கதைக்கு நடுவில் மாமா தன் பக்கத்துக் கையை இருட்டுக்குள்ளால் நீட்டி என்னுடைய ஒரு கையைப் பிடித்து நெரித்தார். கொஞ்சத்தால் மற்றக் கையை அம்மா பிடித்தார், அவரும் அப்படியே நெரித்தார். ஒருவர் பிடித்தது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நல்லாய்க் குளிர்கிறதாக்கும் என்று நினைத்து, வீடு வரும்வரைக்கும் நான் கையை எடுக்காமல் இருந்தேன்.